விதியும் புறனடையும்: குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களும் வேலைக் கடப்பாட்டு விலக்கும் – புந்தோங்கை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழிலக்கண நூலார் இயலின் இறுதியில் புறனடை நூற்பா ஒன்றை வைப்பது மரபு. முன்னர்க் கூறிய விதிகளுள் அடங்காது எஞ்சி நிற்பனவற்றை அவ்விதிகளின் நெறியிலேயே தழுவிக்கொள்ள அது வழிசெய்கிறது. விதி முன்னே நிற்கும். புறனடை பின்னே வரும். விதியே தெளிவாக வகுக்கப்படாத இடத்தில் புறனடை எழுதுவோர் இல்லை. சமூக நல உதவி பற்றிய சட்டங்களைப் படிக்குந்தோறும் இவ்விலக்கண முறை என் நினைவுக்கு வருவதுண்டு.

அரசின் உதவித் தொகையைப் பெறுவோர் வேலை செய்யவேண்டும், அல்லது வேலை தேடுவதை மெய்ப்பிக்கவேண்டும் என்று விதிக்கப்படும் நிபந்தனையை இக்கட்டுரை ‘வேலைக் கடப்பாடு’ என்று குறிக்கிறது. கணவனாலோ குடும்பத்தினராலோ வன்முறைக்கு உள்ளான பெண்களை அக்கடப்பாட்டிலிருந்து சிறிது காலம் விடுவிப்பது ‘விலக்கு’ எனப்படும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இவ்விலக்கு எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்குவதும், நம் நாட்டில், குறிப்பாகப் பேராக் மாநிலத்தின் புந்தோங் போன்ற ஓர் ஊரில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். சட்டத்துறை இதழில் வரவேண்டிய பொருள் தமிழாய்விதழில் வருவானேன் என்று கேட்பார் உளர். விலக்கு என்பது சான்றால் கிடைப்பது. சான்று மொழியால் ஆவது. அம்மொழி நம் மாணவர்களின் தாய்மார்கள் பேசும் தமிழ். இதுவே என் விடை.

வேலையும் கூரையும்

புந்தோங், ஈப்போ தொடருந்து நிலையத்திற்கு மேற்கே அமைந்த குடியிருப்பு. தமிழர் செறிந்து வாழும் ஊர்களுள் நாடளவில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. எட்டயபுரப் பகுதியிலிருந்து வந்தவர்களும் அவர்தம் வழியினரும் நடத்திவரும் கச்சாங் பூத்தே தொழிலால் பெயர்பெற்றது. தைப்பூசத்தன்று கல்லுமலைக்குப் புறப்படும் காவடிகளை இவ்வூர்த் தெருக்களில் காணலாம். சுங்கை சிப்புட் முதலிய வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் வந்த காலத்தில், வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்து ஈப்போவின் புறநகர்களை நாடிவந்த குடும்பங்கள் பல.

‘ஒருசேர இழந்து’ என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு பிணைக்கப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் அன்றைய கூலி. அக்கூலியிலும் வேறுபாடு இருந்தது. 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற முதன்மைப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆண்களுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு. வேலையிலிருந்து நின்றவருக்கு லயத்து வீட்டில் இடமில்லை. 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் சுவர், நீர், கழிப்பிடம் ஆகியவற்றிற்கு அளவுகோல் வகுத்ததேயன்றி, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான முடிச்சை அவிழ்க்கவில்லை. ஆக, கணவனிடம் அடிபட்ட பெண் லயத்தைவிட்டு வெளியேறினால் கூரை போகும்; கூரை போனால் வேலை போகும். மறுநாள் பெரட்டுக்குப் போவதே அவள் முன் இருந்த எளிய வழி.

இதனைக் கொண்டு அப்பெண்களை வெறும் துன்புறுவோராகக் காட்டிவிடுதலும் தவறாகும். அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ‘ஃப்லீட்டிங் ஏஜென்சிஸ்’ என்னும் நூல், பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டப் பெண்கள் சூழலுக்கேற்பத் தமக்கெனச் சில முடிவுகளை எடுத்துக்கொண்டதை ஆவணங்களின்வழி எடுத்துரைக்கிறது. என் பாட்டியார் பேராக்கில் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்குப் போகாத நாளே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். அந்நாள்களுள் எத்தனை நாள் காயத்தோடு போனார் என்று நான் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றிய வயதில் அவர் இல்லை.

எழுதப்படாத வேலைக் கடப்பாடு ஒன்று நம் சமூகத்தின் நினைவில் மிகப் பழையது என்பதைச் சுட்டவே இவ்வளவும் கூறப்பட்டது. இனி அதனைச் சட்டமாகவே எழுதிய நாட்டுக்குச் செல்வோம்.

அமெரிக்கா: எழுதப்பட்ட விதி, எழுதப்பட்ட விலக்கு

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏழைத் தாய்மார்களுக்கு வழங்கப்பட்டுவந்த உதவி, 1996 ஆகஸ்டு 22ஆம் நாள் அதிபர் கிளின்டன் கையொப்பமிட்ட சட்டத்தால் உருமாறியது. புதிய ஏற்பாட்டின்படி, கூட்டரசு நிதியிலிருந்து ஒரு குடும்பம் வாழ்நாளில் 60 மாதங்களுக்கு மேல் உதவி பெறல் பொதுவாக இயலாது. உதவி பெறத் தொடங்கி 24 மாதங்களுக்குள் வேலையில் ஈடுபடவேண்டும். குழந்தையின் தந்தை யாரெனத் தெரிவித்து அவரிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற அரசுடன் ஒத்துழைக்கவேண்டும்.

இம்மூன்றும் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு எவ்வாறு பொருந்தும் என்னும் கேள்வி அப்போதே எழுந்தது. சிகாகோவில் ஜோடி ராபேல் மேற்கொண்ட ஆய்வுகள் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தன. பெண் வேலைக்குப் போவதையே ஆண் வன்முறையால் தடுக்கிறான். நேர்முகத் தேர்வுக்கு முந்திய இரவில் முகத்தில் காயம் உண்டாக்குதல், உடையை ஒளித்துவைத்தல், குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு கடைசி நேரத்தில் கைவிடுதல், பணியிடத்திற்கே வந்து கலகம் செய்தல் முதலியன அதன் வடிவங்கள். ‘வேலைக்குப் போனால் விடுதலை’ என்று சட்டம் கருதியது. அவள் விடுதலை பெறுவாளோ என்னும் அச்சத்தால்தான் அவன் அடித்தான். தந்தையின் பெயரைச் சொல் என்பதோ, ஒளிந்து வாழ்பவளின் இருப்பிடத்தைத் தேடுபவனுக்கு அறிவிக்கும் வழியாகவும் முடியக்கூடும்.

இதன் பயனாக, செனட்டர்கள் பால் வெல்ஸ்டோன், பாட்டி மர்ரே ஆகியோரின் முயற்சியால் ‘குடும்ப வன்முறைத் தெரிவு’ என்னும் பிரிவு அச்சட்டத்தில் இடம்பெற்றது. தெரிவு என்பதற்கேற்ப அது மாநிலங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. ஏற்ற மாநிலம் மூன்று கடமைகளை மேற்கொள்கிறது: உதவி கேட்டு வருவோருள் வன்முறைக்கு உள்ளானவர்களை மறைகாப்புடன் கண்டறிதல், உரிய ஆலோசனைச் சேவைகளுக்கு அனுப்பிவைத்தல், தேவையுள்ள இடத்தில் வேலை, காலவரம்பு, தந்தையைப் பற்றிய ஒத்துழைப்பு ஆகிய நிபந்தனைகளை நிறுத்திவைத்தல். 1999இல் வெளிவந்த கூட்டரசு நெறிமுறைகள், இத்தகைய விலக்கு பயிற்சி பெற்ற ஒருவரின் தனிப்பட்ட மதிப்பீட்டின் அடிப்படையில் அமையவேண்டும் என்றும், ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் மறுஆய்வு செய்யப்படவேண்டும் என்றும் கூறின.

எழுதியது அழகுதான். எனினும் விலக்குப் பெற்றோர் தொகை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தது. உதவி அலுவலகத்தின் முகப்பில், படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் அலுவலரிடம், ‘உன்னை யாரேனும் அடிக்கிறார்களா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று விடைசொல்லப் பெண்கள் முன்வருவதில்லை. சொன்னால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் ஒருபுறம். கேள்வியே கேட்கப்படாமல் விடுபடுவது மறுபுறம்.

மேலும், ஒரு திட்டத்தில் உள்ள விலக்கு மற்றொன்றில் இருக்கும் என்பதற்கில்லை. உணவு உதவித் திட்டத்தின் வேலை நிபந்தனை 2025 ஜூலை 4ஆம் நாள் கையொப்பமான சட்டத்தால் 64 வயது வரையிலானோருக்கும், இளைய பிள்ளைக்கு 14 வயது நிறைந்த பெற்றோருக்கும் விரிக்கப்பட்டது. வீடற்றோருக்கு 2023 முதல் இருந்த விலக்கும் அதே சட்டத்தால் நீங்கியது. அடிக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடியவள் வீடற்றவள் என்ற பெயரிலேனும் பெற்றுவந்த நிழல் அது.

பிரிட்டன்: பதின்மூன்று வாரம்

என் முனைவர்ப்பட்ட ஆய்வை மேற்கொண்ட நாடு என்பதால் பிரிட்டனின் ஏற்பாட்டை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு வேலை தேடுவோர் உதவித்தொகையில் 2012 ஏப்ரலில் இவ்விலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2013ஆம் ஆண்டின் ‘யூனிவர்சல் கிரெடிட்’ விதிமுறைகளில் அது விரிவாக இடம்பெற்றது. வன்முறைக்கு உள்ளானவர் 13 வாரங்களுக்கு வேலை தேடவேண்டியதில்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொறுப்பானவராயின் மேலும் 13 வாரங்கள் நீளும்.

இதற்கான நிபந்தனைகளே நம் கவனத்திற்குரியவை. நிகழ்ச்சி நடந்து ஆறு மாதங்களுக்குள் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்கும் நாளில் வன்முறையாளனுடன் ஒரே முகவரியில் வாழ்தல் கூடாது. முந்திய 12 மாதங்களில் இவ்விலக்கைப் பெற்றிருத்தல் கூடாது. ஒரு மாதத்திற்குள் எழுத்துச் சான்று தரவேண்டும். இவற்றுள் இரண்டாவதே கடுமையானது. வெளியேறியவளுக்கு மட்டுமே விலக்கு. வெளியேறுவதற்கு வழிதேடிக்கொண்டிருப்பவளுக்கு இல்லை. மூன்றாவது, வன்முறை ஆண்டுக்கொருமுறைதான் நிகழும் என்று கருதியது போலத் தோன்றும்.

சான்று தரத்தக்கவர் யார் என்பதில் மட்டும் பிரிட்டானிய விதிமுறை தாராளமாக உள்ளது. மருத்துவத் துறையினர், காவல் அதிகாரி, பதிவுபெற்ற சமூகப்பணியாளர் ஆகியோரோடு நில்லாமல், அப்பெண்ணின் முதலாளி, தொழிற்சங்கப் பேராளர், வன்முறை தொடர்பில் அவளுடன் நேர்த்தொடர்பு கொண்ட பொது அமைப்பு, தன்னார்வ அமைப்பு, அறநிறுவனம் ஆகியோரையும் அது ஏற்கிறது. காவல் நிலையத்தின் படியேறாத பெண்ணுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது இதன் பொருள். இப்பட்டியலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மலேசியா: சிதறிக் கிடக்கும் விதி

1996ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்கச் சட்டம் கையொப்பமாவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன், அதாவது ஜூன் 1ஆம் நாள், மலேசியாவின் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மகளிர் அமைப்புகள் பல்லாண்டு போராடிப் பெற்றது அச்சட்டம். தமிழ்ச் சமூகத்தைப் பொறுத்தவரை அதன் மிகச் சிறந்த பகுதி, துணைவர் என்பதற்கு அது தரும் வரையறை. சமயத்தின்படியோ வழக்கத்தின்படியோ திருமணச் சடங்கு நிகழ்ந்திருந்தால் போதும். பதிவு செய்யப்படாவிடினும் அவர் துணைவரே. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் பதிவைக் கட்டாயமாக்கிய பின்னரும், கோயிலில் தாலிகட்டியதோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்பெண்கள் ‘எனக்குச் சட்டம் இல்லை’ என்று எண்ணி ஒதுங்குகின்றனர். சட்டம் அவர்களை ஒதுக்கவில்லை.

2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க இடமளிக்கிறது. ஏழு நாள் செல்லும் அவ்வாணைக்குக் காவல் புகார் முன்நிபந்தனையன்று. ஆனால் அச்சட்டம் உடலைக் காக்கும் சட்டம். ஏழு நாளுக்குப் பின் அவள் எதனைக் கொண்டு அரிசி வாங்குவாள் என்னும் கேள்விக்கு விடை வேறு அலுவலகங்களில் இருக்கிறது.

நம் நாட்டில் வேலைக் கடப்பாடு மிகத் தெளிவாக எழுதப்பட்டுள்ள இடம் ஒன்று உண்டு. அது 2017ஆம் ஆண்டு வேலைக் காப்புறுதிச் சட்டம். சொக்சோ நிர்வகிக்கும் இத்திட்டத்தில் தனியார்துறைத் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் தலா 0.2 விழுக்காடு செலுத்துகின்றனர். வேலை இழந்தவருக்கு முதல் மாதம் கணிக்கப்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடும், பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து ஐந்தாம், ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடும் கிடைக்கும். அவர் வேலை தேடுவதை மெய்ப்பிக்கவேண்டும்.

இங்கே ‘வேலை இழப்பு’ என்பதற்குச் சட்டம் தந்த வரையறைதான் சிக்கல். தானாக விரும்பி விலகுதல் வேலை இழப்பாகாது. இவ்விதிக்குப் புறனடை உண்டு. பணியிடத்தில் பாலியல் தொந்தரவு, பணியிடத்தில் விடுக்கப்பட்ட மிரட்டல், பணிக்கு அப்பாற்பட்ட ஆபத்தான வேலையைச் செய்யுமாறு கட்டளை ஆகிய காரணங்களால் விலகியவர் உதவி பெறலாம். வீட்டு வன்முறை என்னும் சொல் 2017இல் நிறைவேறிய அப்பட்டியலில் இல்லை.

ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். புந்தோங்கில் வசிக்கிறாள், ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கணவனை விட்டுப் பிரிந்து தங்கையின் வீட்டில் இருக்கிறாள். அவன் ஒவ்வொரு மாலையும் தொழிற்சாலை வாயிலில் வந்து நிற்கிறான். மூன்றாம் வாரம் அவள் பணிவிலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் பினாங்கிற்குப் போய்விடுகிறாள். கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதுகிறாள். நம் பெண்கள் வேறெதனை எழுதுவர்? அவ்விரு சொற்களால் அவள் தானாக விரும்பி விலகியவள் ஆகிறாள். வாயிலில் நின்றவனின் மிரட்டல் ‘பணியிடத்தில்’ நிகழ்ந்ததா, வெளியிலா என்று வாதிட அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், வீட்டு வன்முறையால் வேலையைவிட்டவர் வேலையின்மைக் காப்புறுதி பெறத் தக்கவர் என்று சட்டமே கூறுகிறது. ஒரு வரியில் முடியும் திருத்தம் இது. புறனடை எழுதுவதற்கு ஏற்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் போதுமானது.

விடுப்பு வகையிலும் இதே நிலைதான். பிலிப்பீன்சு 2004லேயே வன்முறைக்கு உள்ளான பெண் தொழிலாளர்க்குப் பத்து நாள் ஊதிய விடுப்பு அளித்தது. நியூசிலாந்து 2019 ஏப்ரல் 1 முதல் அவ்வாறே அளித்துவருகிறது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நம் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 98 நாளாக உயர்த்தியது; நெகிழ்வான வேலைநேரம் கோரும் உரிமையைத் தந்தது; வன்முறை விடுப்பைச் சேர்க்கவில்லை.

தொழிற்சாலைப் பெண்ணுக்காவது சொக்சோ உண்டு. வீட்டிலிருந்தபடி கிலோக் கணக்கில் கூலிக்கு முறுக்கும் கடலையும் பொட்டலமிடும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. அவள் நாடக்கூடியது 1946இல் தோற்றம் பெற்ற சமூக நல இலாகா. அதன் உதவித்தொகைகளில் அமெரிக்காவைப் போன்ற கண்டிப்பான வேலைக் கடப்பாடு இல்லை என்பது உண்மை, பாராட்டவும் தக்கது. எனினும் உடல்வலிமை உள்ளோரை உதவியிலிருந்து உழைப்பிற்கு நகர்த்துவதே கொள்கை. சிறுதொழில் தொடக்க மானியமும், 2010 முதல் நடந்த ‘சத்து அசாம்’ திட்டமும் அந்நோக்கில் அமைந்தவை. நோக்கம் நல்லதே. ஆனால், விதியாக எழுதப்படாமல் எதிர்பார்ப்பாக மட்டும் நிற்பதற்கு விலக்கும் எழுதப்படுவதில்லை. ‘இன்னும் இளவயதுதானே, வேலைக்குப் போகலாமே’ என்று முகப்பில் இருப்பவர் கேட்டால், அக்கேள்விக்கு மறுமொழியாகக் காட்ட அவளிடம் பிரிவு எண் இல்லை. அலுவலரின் இரக்கம் இருந்தால் கிடைக்கும்.

இதனினும் கடினமானது பதிவின் அலகு. ‘இ-காசே’ ஏழ்மைப் பதிவேடும், 2012இல் பிரிம் எனத் தொடங்கிப் பெயர்கள் மாறி 2023 முதல் ‘ரஹ்மா’ எனப்படும் ரொக்க உதவியும் குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டவை. குடும்பத் தலைவர் என்னும் கட்டத்தில் கணவனின் பெயர் இருக்கும்வரை, பிரிந்து வாழும் மனைவி தாளில் அவனுடைய வீட்டில்தான் இருக்கிறாள். அவனுடைய வருமானம் அவளுடைய வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. லயத்து வீடு போய்விட்டது; அதன் தர்க்கம் பதிவேட்டில் தொடர்கிறது.

சான்றும் தமிழும்

பிரிட்டானிய விதிமுறையின் சான்றாளர் பட்டியலை இங்கு மீண்டும் கருதவேண்டும். புந்தோங்கில் ஒரு தாயின் நிலையை முதலில் அறிபவர் யார்? மருத்துவமனைகளில் 1996 முதல் விரிவாக்கப்பட்ட ஒருமுக நெருக்கடி மையங்கள் உள்ளன. ஈப்போவில் ‘பேராக் விமன் ஃபார் விமன்’ போன்ற அமைப்பு உள்ளது. 15999 என்னும் தாலியான் காசே எண்ணும் உள்ளது. இவற்றையெல்லாம் அவள் சென்றடைவதற்கு முன்பே, பிள்ளை பள்ளிக்கு வராத நாள்களை எண்ணிக்கொண்டிருப்பவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கட்டணத் தள்ளுபடிக்கோ, நல உதவிக்கோ கடிதம் வேண்டி அப்பெண் முதலில் வந்து நிற்பதும் அவரிடமே.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வன்முறை நிகழ்வதாக நம்பக் காரணம் உள்ள எவரும் காவல் அல்லது சமூக நல அதிகாரிக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது அவதூறு வழக்குத் தொடுக்கவியலாது என்றும் காக்கிறது. ‘பிறர் குடும்ப விவகாரத்தில் நாம் தலையிடலாமா’ என்று தயங்கும் ஆசிரியர்கள் இப்பிரிவை அறிந்திருத்தல் நலம்.

கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் ‘இவர் மிக வறியவர், நல்லொழுக்கம் உடையவர், உதவ வேண்டுகிறேன்’ என்றே எழுதுகின்றனர். நானும் அவ்வாறு எழுதியிருக்கிறேன். விலக்குக்கு அது சான்றாகாது. எந்த நாளில், எதனை, எழுதுபவர் தம் கண்ணால் கண்டார் என்பது வேண்டும்: இன்ன தேதியில் பள்ளிக்கு வந்தார், இடக்கண்ணின்கீழ் வீக்கம் இருந்தது, கணவர் அடித்ததாகக் கூறினார், பிள்ளைகள் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வரவில்லை, இப்போது வேறு முகவரியில் வசிக்கிறார். முகவரியைக் கடிதத்தில் குறிப்பிடாமல் தனியே ஒப்படைப்பது பாதுகாப்பானது.

மொழிபெயர்ப்பு இதைவிடக் கவனத்திற்குரியது. அப்பெண் தமிழில் பெரும்பாலும் ‘சண்டை’ என்றே சொல்கிறாள். ‘நேத்து வீட்டுல சண்டைங்க டீச்சர்.’ மலாயில் அது ‘பெர்காடோ’ ஆகிறது. அறிக்கையில் ‘பெர்காடோ’ என்று விழுந்துவிட்டால், இருவர் ஒருவரோடொருவர் பூசலிட்டனர் என்றுதான் அதிகாரி படிப்பார். பூசலுக்குப் பாதுகாப்பு ஆணையும் இல்லை, விலக்கும் இல்லை. சட்டம் கேட்கும் சொல் ‘கெகானாசான் ருமா தங்கா’. நம் பயிற்சிநூல்களின் மொழிபெயர்ப்புப் பகுதியில் விழா, சுற்றுலா, சுகாதாரம் ஆகியவை பற்றிய பத்திகள் ஏராளமாக உள்ளன. ‘அவர் கையை முறுக்கினார்’, ‘சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டார்’, ‘கதவைப் பூட்டிவிட்டுப் போனார்’ என்னும் மூன்று வாக்கியங்களைப் பிழையின்றி மலாயில் எழுதும் பயிற்சியை ஆசிரியர் கல்விக்கழக மாணவர்களுக்கேனும் அளிக்கலாம். மூன்றாவது வாக்கியத்தில் எழுவாயை விடாமல் எழுதவேண்டும். ‘கதவு பூட்டப்பட்டிருந்தது’ என்று செயப்பாட்டுவினையில் எழுதினால் பூட்டியவன் யாரென்பது தெரியாமற் போகும்.